முதலிலிருந்து பாட மறுத்தவர்

ராஜாமணி அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் மன்னார்குடிக் கடைத்தெருவில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "மாமா, அம்மா காலையில தவறிட்டாங்க" என்றாள். கையிலிருந்த காயை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். கடைக்காரர் அதை வாங்கி வைத்துவிட்டு, "யாருங்க?" என்றார். எங்கள் சங்கத் தலைவர் என்றேன். "எந்தச் சங்கம்?" என்றார். நாடக நடிகர் சங்கத் தோழர்களே, உங்களில் மூத்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். அந்தக் கடைக்காரருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அக்கா ஸ்திரீபார்ட் வேஷம் கட்டியவர். நான் ஆர்மோனியம். நாடகக்காரர்களுக்கு அது வெறும் 'பெட்டி'. அதனால் அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "பெட்டிக்காரத் தம்பி"தான். நான் சொல்வது அறுபத்தேழில் ஆட்சி மாறிய சமயம். மேடையில் வசனம் பேசியவர்கள் கோட்டைக்குப் போய்விட்டார்கள் என்று எங்கள் ஆட்களுக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்கோ முகத்தில் அரிதாரம் பூச மாட்டுக்கொட்டகைதான் கிடைத்தது. "கோட்டையில நம்ம ஆளு, கொட்டாயில நாம" என்று அக்கா சாணத்தைத் தாண்டியபடி சிரிப்பார்.

அன்றைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர் தாமதமாக வந்தால், நடக்கிற காட்சியை நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் ஊரில் மகனைப் பறிகொடுத்த தாயாக அக்கா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். பண்ணையார் வந்தார், அக்கா மறுபடி அழுதார். பண்ணையாரின் மச்சினர் வந்தார், மறுபடியும் அழுதார். அதற்குள் பிணமாகக் கிடந்த நடிகர் அசந்து குறட்டைவிட ஆரம்பித்துவிட்டார்! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கயிறு கட்டிப் பிரித்திருந்த அந்தப் பக்கம், பகலெல்லாம் நாற்றுப் பறித்துவிட்டு வந்த பண்ணையாட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் தடவை அக்கா அழுதபோது அவர்களும் சேர்ந்து அழுதிருந்தார்கள். வேஷம் கலைக்கும்போது அக்கா சொன்னார்: "அவங்க அழுத அழுகைய நாம பொய்யாக்கிட்டோம் தம்பி."

சங்கம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தோம். ஒரு சைக்கிள் கடை மாடியில் முதல் கூட்டம். ராஜபார்ட் கோவிந்தசாமி அண்ணன் சம்பளக் கோரிக்கையோடு எழுந்தார். அக்கா குறுக்கிட்டு, "யாரு வந்தாலும் திரும்ப ஆரம்பிக்க மாட்டோம்னு மொதல் தீர்மானம் போடுங்க" என்றார். அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, அடுப்பெரியணும்னுதான் சங்கமே வச்சோம். நீ அதுல தண்ணிய ஊத்தறியே? இவங்கதானே நமக்குத் தாம்பூலம் வைக்கிறாங்க?"

வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்து நாடகம் பேசி முடிப்பதைத்தான் தாம்பூலம் என்போம். அது நின்றால் எங்கள் பிழைப்பும் நின்றது.

"சம்பளம் கொறஞ்சா நாளைக்குக் கேட்டு வாங்கிக்கலாம்ண்ணே" என்றார் அக்கா. "மொதல்லேந்து ஒக்காந்திருக்கறவங்கள மனுசனே இல்லன்னு சொல்றோம்ல, அத யாருகிட்ட கேட்டு வாங்கறது?"

தீர்மானம் நிறைவேறியது. பாதிப் பேருக்கு அரை மனசுதான்.

சோதனை சீக்கிரமே வந்தது. கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் அறுப்புக்கு இறங்காமல் நின்ற வருஷம். வாய்க்கால் கரையெல்லாம் செங்கொடி, பாலத்துக்குப் பாலம் போலீஸ். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அதே ஒப்பாரி நடக்கும்போது மிராசுதார் வந்தார். அவருடைய கணக்கப்பிள்ளை மேடையோரம் வந்து விரலைச் சுழற்றிக் காட்டினார். முதலிலிருந்து என்று அர்த்தம். நான் வாசிப்பை நிறுத்தப் போனேன். அக்கா பாட்டை விடாமலே என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்பப்பா, அந்தப் பார்வை! அடுத்த அடியை வாசித்தேன். மிராசுதார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அதோடு எந்தப் பண்ணையும் எங்களுக்குத் தாம்பூலம் வைக்கவில்லை. அக்கா முத்துப்பேட்டையில் இட்லிக்கடை போட்டார். கோவிந்தசாமி அண்ணன் சங்கத்தை விட்டே விலகினார். நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். "விடு தம்பி, அவரு வயித்துக்கு நாம பதில் சொல்ல முடியுமா?" என்று என் வாயை அடைத்துவிட்டார் அக்கா.

பொங்கலுக்கு ஒரேயொரு தாம்பூலம் வந்தது. மிராசுதார் எழுந்து போன அதே ஊரின் தொழிலாளர் தெருவிலிருந்து. கூலிப் போராட்டம் ஜெயித்திருந்தது. அவர்களையும் விட்டால் எங்களைக் கூப்பிட அந்த வட்டாரத்தில் ஆளில்லை. ஒப்பாரி பாதியில் இருக்கும்போது தெருமுனையில் வேட்டுச் சத்தம். சிறையிலிருந்து விடுதலையான விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் மாலையும் கழுத்துமாக வந்துகொண்டிருந்தார். கூட்டமே எழுந்து நின்றது.

"தலைவரு வந்துட்டாரு! மொதல்லேந்து ஆரம்பிங்க!"

மிருதங்கக்காரர் நிறுத்திவிட்டார். அடிபட்டு உள்ளே கிடந்துவிட்டு வந்த மனுஷன், இவருக்காகச் செய்தால் என்ன குறைந்துவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அக்கா நிறுத்தவில்லை.

"அந்த ஆளுக்கு நிறுத்தாதது சரிம்மா! இவரு நம்மாளு!" என்று ஒருவர் கத்தினார்.

மடியில் கிடத்திய பிணத்தோடு அக்கா நிமிர்ந்தார். "அன்னைக்கி அவருக்கு நிறுத்தல. இன்னைக்கி இவருக்கு நிறுத்துனா, இவரையும் பண்ணையாரா ஆக்கிடுவோம்ங்க."

கூச்சல் கூடியது. கல் விழப்போகிறது என்று பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போது முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா திரும்பி, "அட ஒக்காருங்கடா! நாங்க மொதல்லேந்து இங்கதான கெடக்கோம்? நீ பாடு தாயி" என்றார். தலைவர் மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, செருப்புகள் கிடந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தெருவாக எங்களை அழைத்தார்கள். கோவிந்தசாமி அண்ணனும் திரும்பி வந்தார். அக்கா அவருக்கு முதல் இட்லியை வைத்து, எதுவுமே நடக்காததுபோல் வசனத்தை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். சங்கத்து நாடக நோட்டீசில் 'தொடங்கிய காட்சி திரும்ப நடிக்கப்பட மாட்டாது' என்று இன்றைக்கும் கடைசி வரி இருக்கிறது. ஏனென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு இரங்கல் கூட்டம். வந்தவர்களுக்கு நான் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது. அவருடைய அந்த ஒப்பாரியைப் பெட்டியில் வாசித்துக்கொண்டிருந்தேன். பாதியில் வாசலில் கார்கள் வந்து நின்றன. பெரிய பதவியில் இருப்பவர் வந்திருந்தார். நம் செயலாளர், பாவம், பதறியடித்து என்னிடம் ஓடிவந்து விரலைச் சுழற்றினார். முன்வரிசையில் குனிந்து அழுதுகொண்டிருந்த அக்காவின் மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அக்கா என்னிடம் விட்டுப்போனது அந்தப் பார்வைதான். செயலாளர் என்மேல் வருத்தப்பட வேண்டாம்.

அடுத்த அடியை வாசித்தேன்.