மைசூர் தியேட்டருக்கு ஒரு பின்வாசல்

1996 ஜனவரியில் நான் மைசூர் போனது அரண்மனை பார்க்க அல்ல, நாற்காலி பார்க்க. என் மைத்துனர் கோபிச்செட்டிபாளையத்தில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். மைசூரில் ஒரு பழைய சினிமா தியேட்டரை இடிக்கப்போகிறார்கள், முந்நூறு நாற்காலி மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருந்தவன் நான் ஒருவன்தான்.

சத்தியமங்கலத்தில் காலை 6.10க்குப் பஸ். திம்பம் மலைப்பாதையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், நான் ஏறினேன், அனுபவித்தேன். சாம்ராஜ்நகர் வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர், கட்டணம் 32 ரூபாய். 10.45க்கு மைசூர். தியேட்டருக்கு ஆட்டோக்காரர் பன்னிரண்டு ரூபாய் கேட்டார். "தூர இதெ சார், டிராஃபிக் பேரெ ஜாஸ்தி" என்றார், தூரமாம், டிராஃபிக் வேறு அதிகமாம். நடந்தால் பத்தே நிமிடம் என்பது திரும்பும்போதுதான் தெரிந்தது.

சுற்றிலும் நாலு தியேட்டர், லாட்ஜ், ஓட்டல் என்று ஜேஜே என்றிருந்த தெருவில், இந்தத் தியேட்டர் மட்டும் ஒரு வாரமாகப் படம் ஓட்டாமல் கிடந்தது. உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். மூட்டைப்பூச்சிகள் உடனே வரவேற்றன. ஆனாலும் பால்கனியின் தேக்குக் கைப்பிடியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. "இதைப் போய் இடிக்கிறார்களே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கேண்டீனில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். பெயர் மாதம்மா, கொள்ளேகால் பக்கம். இருபது வருடமாக அங்கே இடைவேளைக்குப் போண்டாவும் டீயும் விற்றவர்.

"பொம்பளைங்க கக்கூசு இருக்கற லட்சணம் உங்களுக்கு எங்கீங்க தெரியும்? மழை பேஞ்சா பால்கனியில கொடை புடிச்சுட்டுப் படம் பாத்தாங்கொ. இடிக்கட்டுங்க சார்" என்றார்.

பிறகு அவரே, "ஏனுங்க, இங்கிலீசு படிப்பீங்களா?" என்று கேட்டு, சுவரில் ஒட்டியிருந்த புதுக் கட்டடத்தின் வரைபடத்துக்கு அழைத்துப் போனார். கீழே கடைகள், மேலே இரண்டு சின்னத் தியேட்டர்கள். மேலே வரப்போகும் கேண்டீன் வேறொருவருக்குப் போய்விட்டது. மாதம்மாவுக்குப் பதினாலாம் நம்பர் கடை என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். அது எங்கே என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கடை கட்டடத்தின் பின்னால், ஒரு சந்துப் பக்கம் பார்த்து இருந்தது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"நான்தானுங்க அதைக் கேட்டு வாங்குனேன். உள்ள போறப்ப ஜனத்துக்குக் கண்ணெல்லாம் டிக்கெட்டு மேல. வெளிய வர்றப்பத்தான் பசி. படம் விட்டா பூரா சனமும் பின்சந்துலதானுங்களே வருது?"

பழைய கட்டடத்தில் அப்படித்தான். புதியதில் போவதும் வருவதும் முன்பக்கப் படிக்கட்டு ஒன்றில்தான். பின்பக்கம் வெறும் சுவர். அதையும் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "அப்ப அந்தச் சந்துக்கு நாயிதான் வரும்" என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள், வேறு வருமானம் கிடையாது. எனக்கு ஏன்தான் இங்கிலீஷ் தெரிந்ததோ என்று இருந்தது.

நாலு மணிக்கு அந்த வரைபடம் போட்ட இன்ஜினியர் வந்தார். நான் மூன்று மணி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தேன். மாதம்மா எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் போனார். கடையைப் பற்றி மூச்சு விடவில்லை.

"சார், பெங்கி பித்ரெ ஜன எல்லிகெ ஓட்தாரெ?"

தீப்பிடித்தால் ஜனங்கள் எங்கே ஓடுவார்கள் என்று கேட்கிறார். இன்ஜினியர் சிரித்தார். பிறகு வரைபடத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, பின்சுவரில் அகலமாக ஒரு கதவும் அதற்கு ஒரு படிக்கட்டும் போட்டார். படிக்கட்டு சரியாகப் பதினாலாம் நம்பர் பக்கத்தில் இறங்கியது.

அவர் போனதும் மாதம்மா என்னிடம், "தீ வராம மாதேசுவரன் பாத்துக்குவான். பசி வருமில்லீங்க?" என்றார்.

மூட்டைப்பூச்சிகளை நினைத்து நாற்காலி வாங்கவில்லை. மைத்துனர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

1999இல் மறுபடி போனேன். கண்ணாடியும் டைல்ஸுமாகப் புதுக் கட்டடம். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூரை ஒழுகவில்லை, பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை இருக்கிறது. வெளியூர்க்காரன் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஒரு கட்டடத்துக்காக உருகுவது சுலபம். அதிலேயே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உருகுங்கள்.

நீங்கள் போனால் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே டிக்கெட் வரிசையில் நில்லுங்கள். படம் விட்டதும் முன்பக்கம் இறங்காமல் பின்படிக்கட்டில் இறங்குங்கள். நான் அப்படித்தான் இறங்கினேன். மாதம்மா கரண்டியும் கையுமாக நின்றிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"எத்தனை பிளேட்டுங்க? சீக்கிரம் சொல்லுங்க" என்றார். எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள்.