பெடல் மேல் வைத்த கால்

“செருப்பைக் கழட்டாதீங்க சார். செருப்போடதானே ஓட்டப் போறீங்க? அப்படியே இங்கிட்டு ஏறி நில்லுங்க” என்கிறார் பிரகதீஸ்வரி. கடை வாசலில் கிடக்கும் இரும்புத் தராசைத்தான் காட்டுகிறார். மூடிப்போன அரிசி மண்டி ஒன்றிலிருந்து தூக்கி வந்தது. அதில் ஏறி நின்றால் மூட்டையாகிவிட்ட உணர்ச்சி வருவதைத் தவிர்க்க முடியாது. ஆளை நிறுத்த பிறகு, ஆளின் பையை நிறுக்கிறார். பைக்குள் சாப்பாட்டு டப்பா இருக்கிறதா, தண்ணீர் பாட்டில் நிரம்பியிருக்கிறதா என்று திறந்தும் பார்த்துக்கொள்கிறார். வந்த எண்ணைச் சைக்கிளின் மேல் குழாயில் சாக்பீஸால் எழுதிவிடுகிறார். அன்றிலிருந்து அந்தக் கடையில் நமக்கு அதுதான் பெயர். நான் எண்பத்தெட்டு.

விராலிமலையில், மலைக்குப் போகிற வழியில் பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது கடை. பலகை கிடையாது. ஷட்டரில் ‘சைக்கிள் மோட்டார்’ என்று நீலப் பெயின்டில் எழுதியிருக்கும். ஷட்டரைத் தூக்கிவிட்டால் அதுவும் தெரியாது. உள்ளே நான்கைந்து கியர் சைக்கிள்கள், தடித்த டயர்களோடு. மலையேறுவதற்கென்று எங்கோ குளிர்நாட்டில் யோசித்துச் செய்தவை. நம் பக்கத்துச் சரளைப் பொட்டலுக்கும் கண்மாய்க் கரைக்கும் அவை கச்சிதமாகப் பொருந்துகின்றன. அவற்றின் மிதிகட்டைக்கு நடுவில் மோட்டாரை மாட்டி, பாட்டில் வைக்கிற இடத்தில் பேட்டரியை வைத்து அனுப்புவது இவர் தொழில்.

டாக்டர் மிரட்டியதால் நான் அப்படி ஒரு சைக்கிள் வாங்கியிருந்தேன். இரண்டு வாரம் ஓட்டினேன். பிறகு அது போர்ட்டிகோவில் துணி காயப்போட உதவியது. மோட்டார் மாட்டலாம் என்று போய், இருப்பதிலேயே பெரிய பேட்டரியாகக் கொடுங்கள் என்று கேட்டேன். ஆசை யாரை விட்டது?

“தினம் எம்புட்டுத் தூரம் போவீங்க?”

“நாலு கிலோமீட்டர் இருக்கும்.”

“எங்கிட்டு?”

“டீக்கடைக்கு.”

அவர் சிரிக்கவில்லை. மூன்று கிலோ மணல் கட்டிய பை ஒன்றை எடுத்து என் சைக்கிளில் மாட்டினார். பெரிய பேட்டரிக்கும் சின்ன பேட்டரிக்கும் உள்ள எடை வித்தியாசம் அது. “இப்ப ஒத்தைக் கையில தூக்குங்க.” தூக்கினேன். முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை. “பாத்தீங்களா? வழியில மக்கர் பண்ணுனா இதைத்தான் தள்ளிக்கிட்டு வரணும். டீக்கடைக்குப் போறதுக்கு எதுக்கு சார் கல்யாணச் சாப்பாடு கட்டிக்கிட்டு?” சின்னதுதான் கொடுத்தார்.

பிரகதீஸ்வரிக்கு முப்பத்தேழு வயது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. திருச்சியில் ஒரு இன்வெர்ட்டர் கடையில் பதினோரு வருடம் பழுது பார்த்திருக்கிறார், தினமும் பஸ்ஸில் போய் வந்து. கூந்தலைக் கொண்டை போட்டு அதில் டெஸ்டரைச் செருகியிருப்பார்; பூ வைக்கிற நாளில் பூவுக்குப் பக்கத்திலேயே டெஸ்டரும் இருக்கும். அவர் ஓட்டுவது மோட்டார் இல்லாத பழைய லேடீஸ் சைக்கிள். ஏன் என்று கேட்டால், “எனக்கு எதுக்குங்க? காலு நல்லாத்தானே இருக்கு” என்பார். இப்படிப் பேசுகிறவர் வியாபாரம் செய்து பிழைப்பது அதிசயம்தான்.

மோட்டாரை விட, அதற்குள் ஏற்றுகிற மென்பொருள்தான் அவருக்கு முக்கியம். ஃபர்ம்வேர் என்று அதற்குப் பெயர். அவர் ‘புரோகிராம்’ என்கிறார். “மோட்டாரு எல்லாம் ஒரே இரும்புதான் சார். புரோகிராமுதான் ஆளு.” பெடலை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு உதவ வேண்டும், எத்தனை சீக்கிரம் உதவ வேண்டும், பேட்டரியிலிருந்து ஒரே மூச்சில் எவ்வளவு உறிஞ்சலாம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. மோட்டாரோடு கம்பெனி கொடுத்தது ஒன்று இருக்கும். அது போக, பல தேசத்து ஆட்கள் தங்கள் வேலை நேரம் போக எழுதி, சும்மா கொடுக்கிற புரோகிராம்களும் உண்டு. அவர்கள் இணையத்தில் பேசிக்கொள்வதை இவர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறார். வேகத்தை மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஏற்றித் தரச் சொல்லி யார் கெஞ்சினாலும் மசிய மாட்டார். சின்ன பேட்டரி வாங்கியவருக்கு உறிஞ்சும் அளவைக் குறைத்துத்தான் வைப்பார். “சின்ன வயித்துக்குப் பெரிய பசி ஆகாது.”

புரோகிராம் ஏறும் ஒன்றரை நிமிடமும் கடையில் யாரும் பேசக்கூடாது. கரண்ட் போனாலும் நிற்காதபடி லேப்டாப்பை முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்திருப்பார். வயரை யாரும் தட்டிவிடாமல் இரண்டு கைகளாலும் மேஜைக்கு அணை கட்டியபடி நிற்பார். எனக்கு அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது. அவர் பார்த்த பார்வையில் அது திரும்பிப் போய்விட்டது.

அவரிடம் இன்னொரு வழக்கம் உண்டு. மோட்டார் மாட்டியவர் பின்னாலேயே ஒரு நாள் முழுக்கத் தன் சைக்கிளில் போவார். ஆள் எங்கே மிதிப்பதை நிறுத்துகிறார், எங்கே இறங்குகிறார் என்று பார்த்து வந்துதான் கடைசி அளவுகளைப் போடுவார். ஒரே ஒருவருக்கு மட்டும் அப்படிப் போகவில்லை. அங்கேதான் சறுக்கினார்.

அந்த ஒருவர் ஐம்பத்தொன்று. பெயர் செங்கமலம், வயது நாற்பத்து மூன்று. பிரகதீஸ்வரியின் தெருக்காரர். வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலை அவருக்கு. அவர் பொறுப்பில் இருக்கும் இரண்டு குக்கிராமங்கள் கண்மாய்க்கு அப்பால் இருக்கின்றன. சாலை வழியாகப் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும், அதுவும் கிடைத்தால். கரை வழியாகப் போனால் நான்கு கிலோமீட்டர். நடுவில் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கு இருக்கிறது. தொடை உயரக் கல்சுவரின் மேல் சைக்கிளைத் தூக்கி வைத்துத்தான் தாண்ட முடியும். ஸ்கூட்டர் அங்கே ஆகாது. போன வருடம் அதே கலிங்கில் வழுக்கி விழுந்து, வலது கணுக்காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். அழுத்தி மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பத்தொன்பது கிலோவில், தூக்கக்கூடியதாக, மோட்டார் மாட்டிய சைக்கிள் ஒன்று அமைந்தால்தான் அவருக்கு இந்த வேலை.

பிரகதீஸ்வரி அப்படித்தான் அமைத்தும் கொடுத்தார். மருந்துப் பைக்காகக் கேரியர்கூட மாட்டினார். ஆனால் அது படுத்தியது.

“ஒரு நாளு மாடு மாதிரி இழுக்குது. ஒரு நாளு பொணம் மாதிரி கெடக்குது பிரகதி” என்று வந்து நின்றார் செங்கமலம். கடையில் ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. பிரகதீஸ்வரி பேட்டரியை மாற்றினார். வயர்களைப் பிரித்துச் சேர்த்தார். உதவும் அளவைக் கூட்டினார். மூன்றாம் முறை, கரை ஏற்றத்தில் மோட்டார் கைவிட, செங்கமலம் வலது காலை ஊன்றி மிதித்து, முடியாமல், சைக்கிளோடு பின்னால் சரிந்து கருவேல முள்ளில் விழுந்தார். கணுக்கால் வீங்கி நான்கு நாள் படுக்கை. பாவம், அவர் யாரையும் திட்டவில்லை. ஐந்தாம் நாள், ஒரு வியாழக்கிழமை, நொண்டிக்கொண்டு கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். தன் உடல்நிலை காரணமாக அந்த இரண்டு ஊர்களையும் வேறொருவருக்குக் கொடுத்துவிடும்படி எழுதியிருந்தது.

“நீ படிச்ச பிள்ளை. தப்பு இருந்தா திருத்தி வையி. திங்கக்கெழமை குடுக்கணும்.”

வேறொருவர் என்றால் மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் போவார், அவ்வளவுதான். அது எல்லோருக்கும் தெரியும். பிரகதீஸ்வரி தாளை இரண்டு தரம் படித்தார். “திங்கக்கெழம வரைக்கும் இருக்குல்லக்கா” என்று மட்டும் சொன்னார். அதில் இரண்டு பிழைகள் இருந்தன. இரண்டையும் அவர் திருத்தவில்லை. செங்கமலம் போன பிறகு என்னிடம் சொன்னார்: “எல்லார் பின்னாடியும் போனேன் சார். நம்ம அக்காதானே, நமக்குத் தெரியாததான்னு இவங்க பின்னாடி மட்டும் போகல. அது என் தப்பு.”

வெள்ளிக்கிழமை காலை செங்கமலத்தின் பின்னால் போனார். வேடிக்கை பார்க்கும் புத்தி யாரை விட்டது, நானும் போனேன். அன்று அக்கரை வேண்டாம், இக்கரை வீடுகள் மட்டும் என்று ஏற்பாடு. முதல் வீடு வரைக்கும் மோட்டார் நன்றாக இழுத்தது. வாசலில் இறங்கியதும் செங்கமலம் சுவிட்சை அணைத்தார். வீட்டு ஃபேனை அணைக்கிற அதே சிக்கனம். “சும்மா நிக்கிறப்ப எதுக்கு எரியணும்? சார்ஜு மிச்சம்தானே?” பிரஷர் பார்த்தாயிற்று, மாத்திரை கொடுத்தாயிற்று. இனி விடைபெறுதல். நம் ஊரில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்ப எப்படியும் பத்து நிமிடமாகும். செங்கமலம் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் பெடலிலும் வைத்துக்கொண்டு, மருமகள் ஊருக்குப் போன கதை, ஆடு குட்டி போட்ட கதை எல்லாம் கேட்டு முடித்தார். காலை எடுக்காமலே சுவிட்சைப் போட்டார். மிதித்தார். மோட்டார் அசையவில்லை.

அடுத்தடுத்த வீடுகளில், கால் பெடலில் இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் மோட்டார் கிடந்தது, கால் கீழே இருக்கும்போது போட்டால் இழுத்தது. ஆறாவது வீட்டில் பிரகதீஸ்வரி சட்டென்று சைக்கிளைச் சாய்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

சுவிட்ச் போட்ட நொடியில் மோட்டார் ஒன்றைக் குறித்துக்கொள்ளுமாம்: இப்போது பெடலில் யாரும் கால் வைக்கவில்லை, இதுதான் பூஜ்யம் என்று. செங்கமலத்தின் கால் அந்த நேரத்தில் பெடல் மேல் இருந்தால், காலின் பாரத்தையே பூஜ்யமாக எழுதிக்கொள்ளும். பிறகு அவர் எவ்வளவு மிதித்தாலும், ‘இந்த அம்மா எங்கே மிதிக்கிறார்?’ என்று அது சும்மா இருந்துவிடும். அந்தப் புரோகிராமை எழுதியவன் நாட்டில் சைக்கிளை நிறுத்தினால் இறங்கிவிடுவார்கள் போலிருக்கிறது. “நான் கடையில ஓரமா நின்னு சுவிட்சப் போட்டேன் சார். அப்பறம்தான் ஏறி ஓட்டிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும்! எப்படித் தெரியும்?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்படியானால் கதை முடிந்தது, காலை எடுத்துவிட்டு சுவிட்ச் போடச் சொன்னால் போயிற்று என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“பாவாட கட்டுன காலத்துலேர்ந்து வச்ச காலு சார் அது. எடுங்கன்னா எடுப்பாங்க. தொண்ணூத்தொம்பது நாளு எடுப்பாங்க. ஒரு நாளு மறந்துருவாங்க. அந்த ஒரு நாளு கரையில இருப்பாங்க.”

பூஜ்யத்தை ஒரே தடவை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் மாற்றாத புரோகிராம் ஒன்று, அந்த முகம் தெரியாத ஆட்கள் எழுதியவற்றில் இருந்தது. அந்த ரக மோட்டாரில் பிரகதீஸ்வரி அதுவரை ஏற்றிப் பார்த்ததில்லை. பாதியில் நின்றால் மோட்டாரின் மூளை செத்துப்போகும். இன்னொன்று வந்து சேர மூன்று வாரமாகும். திங்கட்கிழமை அதற்குக் காத்திருக்காது. வெள்ளி மாலை முழுக்க அவர் படித்தார். ஒரு சொல்லுக்கு அர்த்தம் விளங்காமல் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரருக்குக் கேள்வி அனுப்பி, விடியும் முன் பதிலும் வாங்கியிருக்கிறார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஏற்றினார். செங்கமலம், நான், மேஜைக்கு அணையாகப் பிரகதீஸ்வரியின் இரண்டு கைகள். கூரைத் தகரத்தில் மயில் ஒன்று நடந்தது, அதைக்கூட முறைத்தார். லேப்டாப் திரையில் ஓடிய எண் எழுபது சதவீதத்தில் நின்றுவிட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட கால் நிமிடத்தை நான் பார்த்ததில்லை. செங்கமலம் முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு எண் நகர்ந்தது. ஏறி முடிந்ததும் பிரகதீஸ்வரி கால் படாத வெறும் பெடல் காட்டும் எண்ணை மூன்று தடவை பார்த்து, அதையே பூஜ்யமாகப் பதிந்தார். அப்புறம்தான் மூச்சு விட்டார்.

ஞாயிறு காலை எல்லோரும் கரையடிக்குப் போனோம். மறுநாள் திங்கள். அக்கரையில் ஒன்பது பேருக்கு மாத்திரை தீர்ந்திருந்தது. “நான் என்னமும் மாத்திக்கணுமா பிரகதி?” என்று செங்கமலம் கேட்டார்.

“ஒண்ணும் மாத்திக்காதீங்கக்கா. எப்பயும் போல போங்க.”

எப்போதும் போலத்தான் போனார். ஆடு மேய்க்க வந்த ஒருவர் நின்று விசாரிக்க, ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். கணுக்கால் வீக்கம், மழை வருமா, வராதா எல்லாம் பேசி முடித்து, காலை எடுக்காமல் சுவிட்சைப் போட்டார். பிரகதீஸ்வரி ஓசைப்படாமல் பின்னால் போய்க் கேரியரை இறுகப் பிடித்துக்கொண்டார். சரிந்தால் தாங்க வேண்டுமே. செங்கமலம் மிதித்தார். மோட்டார் முனகியது. சைக்கிள் ஏற்றத்தில் கிளம்பியது, இவர் கூடவே ஓடினார், சரளையில் செருப்பு ஒன்று கழன்றது, அதையும் விட்டுவிட்டு ஓடினார். பாதி ஏற்றத்தில் அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை, கேரியர் கையை விட்டு நழுவியது.

செங்கமலம் கரையின் உச்சியில் ஏறி, திரும்பிப் பார்க்காமல், கலிங்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பிரகதீஸ்வரி பாதிச் சரிவில் மூச்சு வாங்க நின்றார். அவருடைய வலது கை மட்டும் கேரியரைப் பிடித்திருந்த மாதிரியே விரல் மடங்கி, முன்னால் நீண்டிருந்தது.