இவர் செய்யாத சத்தியம்

முற்றத்து வேப்பமரத்தின் கீழே பின்னேரத்தில் இரண்டு கதிரைகள் வந்து இறங்கினால், அன்றைக்குக் கடவுளுக்கு வழக்கு இருக்கிறது என்று அர்த்தம். அம்மா குசினிக்குள் இருந்தபடியே தலையில் கையை வைத்துக்கொள்ளுவா. ஒரு கதிரையில் அப்பா இருப்பார். ஸ்கந்தபுரத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளையார் கோயிலுக்கு அவர்தான் மணியம், கோயில் அலுவல் எல்லாம் பார்க்கிறவர். கோயில் கதவுத் திறப்பு அவருடைய இடுப்பில்தான் தொங்கும். மற்றக் கதிரையில், நெற்றியில் பேருக்கும் ஒரு கோடு திருநீறு இல்லாமல், வயலில் இருந்து நேரே வந்த சேற்றுக் காலோடு ஒரு பெடியன் இருப்பான். அந்தப் பெடியனைத்தான் இன்றைக்கு நான் ‘இவர்’ என்று சொல்லுகிறேன். புருசனின் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று எங்களை வளர்த்தவர்கள் சொல்லி வைத்தார்கள். இவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. எனக்கு உண்டு. ஆகவே இந்தக் கதை முடியும்வரைக்கும் இவர் வெறும் ‘இவர்’தான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. இவர் வடமராட்சிப் பக்கத்தில் படித்துவிட்டு, காணி கிடைத்து, எங்கள் வயலுக்குப் பக்கத்தில் செய்கை பண்ண வந்தவர். கோயில் திருவிழாவுக்கு அப்பா வீடு வீடாகப் போனபோது இவர் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துவிட்டு, “அன்னதானத்துக்கு எடுங்கோ ஐயா. பூசைக்கு எண்டு மட்டும் என்ரை பேரைச் சொல்லாதேங்கோ, எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை” என்றாராம். வேறொருவர் என்றால் அரிசியையும் திருப்பி எறிந்திருப்பார். அப்பாவோ, பசித்தவனுக்கு விருந்து கிடைத்த மாதிரி வீட்டுக்கு வந்தார். ஊரில் அப்பாவோடு நின்று கதைக்க அதுவரைக்கும் ஒருவரும் இருக்கவில்லை, எல்லோரும் “ஓம், ஓம்” என்று தலையாட்டுகிறவர்கள்தான். அடுத்த நாள் பின்னேரமே இரண்டாவது கதிரை வெளியே வந்துவிட்டது.

எப்படிக் கதைப்பார்கள் என்கிறீர்கள்! அப்பா வாய்க்காலில் இருந்து தொடங்குவார். வயல் தண்ணிக்கு வாய்க்கால் காரணம், வாய்க்காலுக்கு அக்கராயன் குளம், குளத்துக்கு மழை. அப்படியே மேலே ஏறிக்கொண்டு போனால் கடைசியில் ஒருவர் இருந்துதானே ஆகவேண்டும்? இவர் சிரித்துக்கொண்டு, “அப்ப அவருக்கு ஆர் காரணம்?” என்பார். “அவர் அநாதி, அவருக்குக் காரணம் தேவையில்லை” என்று அப்பா பாய்வார். “காரணம் தேவையில்லாமல் ஒண்டு இருக்கலாம் எண்டா, அது இந்த உலகமாகவே இருந்திட்டுப் போகட்டுமே ஐயா. உங்கடை சைவ சித்தாந்தமும் உயிர் அநாதி எண்டுதானே சொல்லுது? இடையிலை ஒராள் ஏன்?” அப்பா வெற்றிலையை வேலியோரம் துப்புவார். பிறகு, “ஒரு விளையாட்டுச் சாமானைச் செய்யவே ஒராள் வேணும், இவ்வளவு பெரிய உலகம் தன்ரை பாட்டிலை ஒழுங்காய் ஓடுமோ?” என்று வேறு பக்கத்தால் வருவார். நல்லவர்களுக்கு ஏன் கஷ்டம் என்று இவர் கேட்டால் அப்பா வினைப்பயன் என்பார். எல்லாம் வினைப்படிதான் என்றால் மழை வேண்டி அபிஷேகம் எதற்கு என்று இவர் திருப்பிக் கேட்பார். “உமக்கு வாய்க்கொழுப்பு கூடிப்போச்சு” என்று அப்பா சொல்லுகிறபோது அவருடைய முகம் பூரித்துப்போய் இருக்கும். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் அம்மாவே அகப்பையோடு வெளியே வந்தா. “தம்பி, வற்றாப்பளைக் கோயிலிலை அம்மாளாச்சிக்கு உப்புத் தண்ணியிலை விளக்கெரியுதே, அதுக்கு என்ன மறுமொழி?” இவர் எழும்பி நின்று, “எனக்குத் தெரியாது அம்மா” என்றார். “நான் கிட்ட நிண்டு பார்க்கேல்லை. தெரியாததைத் தெரியாது எண்டுதான் சொல்லுவன். ஆனா எனக்குத் தெரியாத இடத்திலை எல்லாம் கடவுளை இருத்தி வைச்சா, பிறகு தெரிய வரேக்கை பாவம், அவர்தானே கதிரையை விட்டு எழும்ப வேணும்?” அம்மா அகப்பை பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்து சிரித்த சிரிப்பு இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. எழும்பி நின்று மறுமொழி சொன்ன மரியாதை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

எனக்கும் பிடித்துவிட்டது, அதை மறைத்து என்ன! தேத்தண்ணி கொண்டுபோகிற சாட்டில் நான் வேப்பமரத்தடியில் நின்ற நேரம் கொஞ்சநஞ்சம் இல்லை. நான் விரதம் தவறாதவள், வெள்ளிக்கிழமை கோயில் கூட்டுகிறவள். அப்படிப்பட்டவளுக்கு இந்த நாத்திகரைக் கட்டவேண்டும் என்ற எண்ணம் எப்படி வந்தது என்று என்னையே நான் கேட்டுக் களைத்துவிட்டேன். இவரின் தமக்கை பெண் கேட்டு வந்தா. அப்பா மரியாதையாக இருத்தி, பலகாரம் கொடுத்து, மாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். அன்று பின்னேரமும் வெட்கமில்லாமல் கதிரையைப் போட்டுக்கொண்டு இவரைக் கூப்பிட்டாரே, அதுதான் அப்பா! “தேத்தண்ணி எவ்வளவும் தருவன். பிள்ளையைத் தரமாட்டன். ஏன் எண்டு சொல்லுறன், கேளும். மேலே ஒராள் பார்க்கிறான் எண்ட பயம் இருக்கிறவன்தான் ஆளில்லாத இடத்திலையும் பொய் சொல்ல யோசிப்பான். உமக்கு அந்தப் பயம் இல்லை. நாளைக்கு என்ரை பிள்ளைக்கு நீர் பொய் சொல்லமாட்டீர் எண்டதுக்கு ஆர் பிணை?” எதற்கும் உடனே மறுமொழி வைத்திருக்கிற இவர் அன்றைக்குத் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். “இதுக்குக் கதையாலை மறுமொழி சொல்லேலாது ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

அந்தச் சிறுபோகத்தில், கோடைகால வயல் செய்கையில், குளத்தில் தண்ணி மட்டுமட்டு. முறை வைத்துத்தான் விட்டார்கள். ஒருவரின் முறையில் மற்றவர் மடையைத் திறந்தால் அது களவுதான். அப்படி இருக்க, எங்கள் மேற்குப் பக்கத்துக் காணிக்காரர், ஊரில் கடையும் வைத்திருந்தவர், தன்னுடைய முறைத் தண்ணி எங்கள் வயலுக்குள் நிற்கிறது, மணியம் மடையை வெட்டிவிட்டார் என்று ஊர் அதிகாரியான விதானையாரிடம் போய்விட்டார். அப்பா சத்தியமாய் அந்தப் பக்கமே போகவில்லை. எங்கள் ஊரில் தண்ணி வழக்குக்கு ஒரே ஒரு முடிவுதான். பிள்ளையார் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி, எரிகிற நெருப்பை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். அப்பாவே பண்ணலாம் என்றால், “திறப்பு உம்மடை இடுப்பிலை, பிள்ளையார் உம்மடை வீட்டு ஆள் மாதிரி, அது செல்லாது” என்று கடைக்காரர் ஒரே பிடி. கண்ட சாட்சி வேண்டும். கண்ட சாட்சி இருந்தது, அது இவர்தான்! மத்தியானம் சைக்கிளில் போனபோது நண்டு துளைத்த வரம்பு தானாய் இடிந்து தண்ணி எங்கள் பக்கம் பாய்ந்ததைக் கண்டு, இறங்கிச் சேற்றை அப்பி அடைத்ததே இவர். களவு உறுதியானால் அப்பாவுக்கு அந்தப் போகத் தண்ணியும் இல்லை, மணியமும் இல்லை.

காலமைப் பூசை முடிந்ததும் ஊர் கூடிவிட்டது. பொம்பிளைகள் பக்கத்தில் நான் அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவர் கண்டதைக் கண்டபடி சொன்னார். விதானையார் தட்டத்தில் கற்பூரத்தை வைத்து, “சரி தம்பி, அடிச்சுச் சத்தியம் பண்ணும்” என்றார். “அதுமட்டும் பண்ணமாட்டன்” என்றார் இவர். கூட்டத்தில் இரைச்சல் எழும்பியது. “பிள்ளையாருக்குப் பயந்திட்டான் போல!” என்று ஒருவர் கத்தினார். இவர் பொறுமையாகச் சொன்னார்: “பயம் இருக்கிறவன் இதிலை கை வைச்சாத்தான் அதுக்குப் பெறுமதி. எனக்கு அந்தப் பயம் இல்லை எண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். இல்லாத பயத்தை இருக்கிற மாதிரிக் காட்டி நான் கையை வைச்சா, அது உங்களை ஏமாத்திறது. நான் கண்டது உண்மை. அதை வெறும் வாயாலைதான் சொல்லுவன்.”

அப்பா பட்ட பாட்டைப் பார்க்கவேண்டுமே! கடவுளுக்காக அவ்வளவு நாளும் வழக்காடிய மனுசன், தட்டத்தைத் தூக்கிக்கொண்டு இவருக்குப் பின்னால் திரிந்தார். “தம்பி, ஒரு கட்டிக் கற்பூரம்தானேயப்பா! உமக்கு இது வெறும் சாமான்தானே, ஒருக்கால் அடிச்சுவிடுமன்!” “எனக்கு வெறும் சாமான்தான் ஐயா. இந்தச் சனத்துக்கு அப்பிடி இல்லையே. உங்களுக்கும் அப்பிடி இல்லை” என்றார் இவர். அப்பா தட்டத்தைக் கொண்டுபோய் விதானையாரின் கையில் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் எல்லாம் போச்சு என்று எனக்குப் பட்டது. அப்பாவின் மானமும் போச்சு, என் கலியாணமும் போச்சு.

அந்த நேரத்தில் சிரிப்புச் சத்தம் ஒன்று கேட்டது. வழக்கு வைத்த கடைக்காரர்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “நில்லுங்கோ, நில்லுங்கோ! இந்தப் பெடியன் மணியத்தின்ரை பெட்டையைக் கேட்டு, மணியம் இல்லையெண்டது ஊருக்கே தெரியும். இண்டைக்கு மணியத்தைக் காப்பாத்தினா நாளைக்குப் பெட்டை கையிலை. இவன் பொய் சொல்லுறவன் எண்டா ஒரு கட்டி இல்லை, ஒரு பெட்டிக் கற்பூரத்தை அடிச்சு அணைச்சிருப்பான். அவ்வளவு லாபம் இருந்தும் கையை வைக்கேல்லை. இவன்ரை வாய்ச்சொல்லு எனக்குப் போதும். நண்டுதான் வெட்டினது, விடுங்கோ!” கோயில் முழுக்கச் சிரித்தது. சிரித்துக்கொண்டே எல்லோரும் பொம்பிளைகள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகவேண்டும் போலவும் இருந்தது, அந்த இடத்திலேயே துள்ளவேண்டும் போலவும் இருந்தது.

அன்று பின்னேரம் கதிரைகள் வந்தன. அப்பா வெற்றிலைத் தட்டத்தை இவர் பக்கமாகத் தள்ளிவிட்டு, “அண்டைக்கு நான் கேட்டதுக்கு மறுமொழி வந்திட்டுது. அக்காவை நாளைக்கு வரச்சொல்லும்” என்றார். அதோடு விட்டாரா? “ஆனா ஒண்டு. என்னைக் காப்பாத்த வேறை வழியில்லாமல் உம்மை அந்த மத்தியானம் அந்த வரம்பாலை அனுப்பினதே பிள்ளையார்தான்.” இவர் விடுவாரா? “அப்ப நண்டை அனுப்பினது ஆர் ஐயா?” இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலியாணம் எங்கள் வீட்டு முற்றத்தில், சுருக்கமாக நடந்தது. தனக்கு விளங்காத மந்திரத்தைத் திருப்பிச் சொல்ல இவர் மாட்டேன் என்றபோது, அப்பாவே முந்திக்கொண்டு ஐயரிடம், “அவரைக் கட்டாயப்படுத்தாதேங்கோ, சொன்னா நம்பித்தான் சொல்லுவார்” என்று பெருமையாகச் சொன்னார்.

அப்பா போய்ப் பல காலம். இடையில் எத்தனையோ ஊர் மாறி, கடைசியில் இதே ஸ்கந்தபுரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். இவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, கதை மட்டும் குறையவில்லை. எதிர்க்கதை கதைக்க அப்பா இல்லையே என்று சிலநேரம் என்னிடமே சொல்லுவார். போன பிள்ளையார் சதுர்த்திக்கு நான் மோதகம் அவித்துக்கொண்டிருந்தேன். இவர் குசினி வாசலில் நின்று ஒன்றை ஊதி ஊதித் தின்றார். படைக்கமுதல் தின்கிறவரோடு எனக்குக் காலம் முழுக்கச் சண்டை. அன்றைக்கு என்னவோ, இத்தனை வருசமும் பகிடி பண்ணுவாரோ என்று பொத்தி வைத்திருந்ததைச் சொல்லவேண்டும் போல இருந்தது. “இஞ்சேருங்கோ, அப்பா உங்களை வேண்டாம் எண்டு சொன்ன அண்டைக்கு நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சனான். உங்களைத் தந்தா வருசம் தவறாமல் மோதகம் அவிச்சுப் படைக்கிறன் எண்டு. தந்திட்டார். இப்ப சொல்லுங்கோ, கடவுள் இருக்கிறாரோ இல்லையோ?”

இவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். அப்பாவுக்குக் கூட வாய்க்காத வெற்றி எனக்கு வந்துவிட்டது என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இவர் வேட்டியில் கையைத் துடைத்தார்.

“நீர் நேர்த்தி வைக்காட்டிலும் நான் வந்திருப்பன்” என்றார்.