பெயர்களை முழுதாக அச்சிட்ட ரூத் அக்கா

முதியோர் இல்லத்துச் சமையலறையில் கரட் வெட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் அருள் தொலைபேசியில் கூப்பிட்டார். வேலை நேரத்தில் அவர் ஒருநாளும் கூப்பிடுவதில்லை. "ரெஜினா, ரூத் அக்கா போயிட்டா. காலமை ஆசுப்பத்திரியிலை" என்றார். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். பிறகு மறுபடியும் கத்தியை எடுத்தேன். மதியச் சாப்பாடு நேரத்துக்குப் போகவேண்டும். துக்கத்தைச் சாட்டாக வைத்து வேலையைத் தள்ளிப்போடுவது ரூத் அக்காவுக்குப் பிடிக்காத காரியம்.

அந்த வாரமே ஒஸ்லோவின் நாளிதழ் ஒன்றில் அவரைப் பற்றிச் சிறு குறிப்பு வந்தது. குடியேறிகளுக்கு உதவிய அன்பான அமெரிக்கப் பெண்மணி, நாங்கள் வாழும் ஹொல்ம்லியாப் பகுதியின் தாய் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பத்திரிகை ஆசிரியர் என்ற சொல்லைத் தேடினேன். இல்லை. ஆகவே இதை நான் எழுதவேண்டியிருக்கிறது. அவரை அறிந்தவர்களே, உங்களுக்குத் தெரியும்: ரூத் அக்கா எங்களுக்குத் தாயாக இருக்க வந்தவரல்ல. அவர் பத்திரிகை நடத்தினார். பிழையாக எழுதினால் எங்களையும் திட்டினார்.

அவர் அமெரிக்காவின் தென்பகுதி நகரம் ஒன்றில் பிறந்த கறுப்பினப் பெண். அவருடைய தந்தை அங்கே தங்கள் மக்களுக்கென்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தியவர். அந்த நகரத்து வெள்ளையரின் பத்திரிகைகளில் கறுப்பினத்தவரின் பெயர் வருவதென்றால் யாரையாவது பொலிஸ் பிடித்திருக்கவேண்டும். கலியாணமோ, பட்டமளிப்போ, சாவோ அங்கே இடம்பெறாது. அவற்றையெல்லாம் ரூத் அக்காவின் தந்தைதான் அச்சிட்டார். சின்ன வயதிலேயே அச்செழுத்துக் கோக்கப் பழகிய மகள், பின்னர் ஒரு நோர்வேஜிய மாலுமியைக் கலியாணம் செய்து ஒஸ்லோவுக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தார். கணவர் இறந்து, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றபின், ஹொல்ம்லியாவின் அடுக்குமாடி ஒன்றின் நிலவறையில் 'த்ரப்பா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நோர்வேஜிய மொழியில் அதற்கு மாடிப்படி என்று பொருள். மாடிப்படியடியில், தபால்பெட்டிகளுக்குக் கீழே கிடக்கும் பத்திரிகை என்பதால் அந்தப் பெயர்.

என்னை அவர் தேடி வந்தது என் அம்மா மன்னாரில் இறந்தபோது. போர்க்காலம். என்னால் போக முடியவில்லை. எங்கள் ஆட்கள் வந்து செபம் சொல்லிவிட்டுப் போனார்கள். மற்றபடி அந்தக் கட்டடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. ரூத் அக்கா கதவைத் தட்டி, அம்மாவின் முழுப்பெயரைக் கேட்டார். நீளமான பெயர், சுருக்கிச் சொல்கிறேன் என்றேன். "சுருக்கவேண்டாம். இடம் இருக்கிறது" என்றார். அந்த வாரம் 'திருமதி மரியப்பிள்ளை செபஸ்தியாம்பிள்ளை' என்று ஒரு எழுத்தும் பிழையில்லாமல் வந்தது. நோர்வேயில் இப்போது யாரும் பெயருக்கு முன்னால் திரு, திருமதி போடுவதில்லை. ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். தன் ஊரில் வெள்ளையரின் பத்திரிகைகள் தன் தாயின் பெயருக்கு முன்னால் ஒருபோதும் திருமதி போட்டதில்லை என்றார்.

அடுத்தநாள் காலையில் மேல்மாடி நோர்வேஜியக் கிழவர் படியில் என்னை மறித்துக் கைகொடுத்தார். கீழ்மாடிப் பாகிஸ்தான்காரப் பெண் சோறு சமைத்துக் கொண்டுவந்தார். வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய காலத்திலிருந்து இந்த நாட்டில் வாழ்கிறேன். அன்றுதான் அயலில் எனக்கும் ஒரு அம்மா இருந்தார் என்று நாலு பேருக்குத் தெரிந்தது. அந்த மாதமே 'த்ரப்பா'வின் தமிழ்ப் பக்கத்தை நான் பொறுப்பெடுத்தேன். நோர்வேயில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. அக்கா என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டு, பொருளைத் தெரிந்துகொண்டபின் ஏற்றுக்கொண்டார்.

பிறகு அந்தப் படம் வந்தது. ஹொல்ம்லியா ரயில் நிலையத்தில் நின்ற சில இளம்பிள்ளைகளைப் படம்பிடித்து, முகங்களை மங்கலாக்கி, பயணிகள் அஞ்சும் கும்பல் என்ற தலைப்போடு ஒரு நாளிதழ் போட்டிருந்தது. அதில் நடுவில் நின்றவள் என் மகள் அனுஷா. முகத்தை மறைத்தாலும் அவளுடைய சிவப்பு ஜக்கெற் ஊருக்கே தெரியும். கோடை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பாலர் பாடசாலையில், விஷயம் அடங்கும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அருள் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. "பேப்பர்காரரோடை எங்களுக்கு ஏன் கொழுவல்? பேசாமல் இருந்தால் சனம் மறந்திடும்" என்றார். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. மறுநாள் ரூத் அக்கா வந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அனுஷாவைப் பார்த்து, என்ன செய்ய விரும்புகிறாய் என்று மட்டும் கேட்டார்.

அனுஷா என்னிடம் திரும்பித் தமிழில் சொன்னாள். "அம்மா, நான் ஹாண்ட்போல் த்ரேனிங்குக்குப் போகத்தான் அங்கை நிண்டனான். நான் ஏன் முகத்தை ஒளிக்கவேணும்?"

நான் அதை மொழிபெயர்த்தேன். ரூத் அக்கா தலையசைத்தார்.

அடுத்த இதழின் முதற்பக்கம் முழுவதும் ஒரே படம். அதே இடம், அதே பிள்ளைகள், அதே ஜக்கெற்றுகள். முகங்கள் மட்டும் தெளிவாக. கீழே ஒவ்வொருவரின் முழுப்பெயரும், அன்று எங்கே போக நின்றார் என்பதும்: ஒருத்தி ஹாண்ட்போலுக்கு, ஒருவன் பல் வைத்தியரிடம், ஒருவன் தன் அப்பப்பாவைக் கூட்டிவர. கட்டுரை எதுவும் இல்லை. தலைப்பும் இல்லை.

வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் நிலவறைக்கு இறங்கி வந்தார். நல்ல மனிதர். இப்படிப் போட்டால் அயலில் பதற்றம் கூடும், அறையைத் தொடர்ந்து தருவது கஷ்டம் என்றார். பதற்றம் அந்த நாளிதழ் வந்த அன்றே தொடங்கிவிட்டது என்றும், அன்று அவர் படியிறங்கி வரவில்லை என்றும் ரூத் அக்கா சொன்னார். அந்த மாத முடிவில் அறை போயிற்று. 'த்ரப்பா' எங்கள் வீட்டு வரவேற்பறைக்குக் குடிவந்தது. படிக்கட்டுகளில் பத்திரிகை போடும் வேலையை, பேசாமல் இருப்போம் என்று சொன்ன அருளே ஏற்றுக்கொண்டார்.

அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி, அந்த நாளிதழின் வரவேற்பு மண்டபத்தில் போய் உட்கார்ந்தார். நானும் போனேன். நெடுநேரத்துக்குப் பிறகு ஒரு பொறுப்பாசிரியர் இறங்கி வந்து, ஹொல்ம்லியா இளைஞர்களின் நல்ல பக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை போடலாமே என்றார். "நல்ல பக்கம் வேண்டாம். நீங்கள் எழுதியது பொய். அதைத் திருத்துங்கள்" என்றார் ரூத் அக்கா. உள்பக்கமொன்றின் மூலையில், விரல் நகமளவில் ஒரு திருத்தம் வந்தது. அக்கா அதை வெட்டி, பெரிதாக்கி, எங்கள் முதற்பக்கத்தில் முழுதாகப் போட்டார்.

அனுஷா அந்த இதழை எடுத்துக்கொண்டு பாலர் பாடசாலைக்குப் போய், ஊழியர் அறைப் பலகையில் தானே குத்தினாள். பொறுப்பாளர் அதைக் கழற்றவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்கு வா என்றார். அவள் போனாள்.

எங்கள் ஆட்களில் சிலருக்கு அப்போது ரூத் அக்காவை மிகவும் பிடித்திருந்தது. பிறகு நான் தமிழ்ப் பக்கத்தில், எங்கள் பெண்களை ஒப்பந்தமில்லாமல் துப்புரவு வேலைக்கு வைத்திருந்த ஒரு தமிழ் முதலாளியைப் பற்றி எழுதினேன். விழாக்களில் முன்வரிசையில் இருக்கிற மனிதர். சிலர் வீட்டுக்கு வந்தார்கள். "எங்கட ஆக்களை நாங்களே காட்டிக் குடுக்கிறதோ, தங்கச்சி?" என்று ஒருவர் அமைதியாகக் கேட்டார். எனக்குப் பயம் வந்தது. அக்கா அவர்களுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். தன் தந்தை, தேவாலயத்தில் பெரியவராக இருந்த ஒரு கறுப்பின வீட்டுக்காரர் இடிந்துவிழும் அறைகளை வாடகைக்கு விட்டதையும் எழுதியவர் என்றார். "மற்றவர்களின் பிழையை மட்டும் எழுதினால் அது பத்திரிகை இல்லை, முறைப்பாடு" என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கோப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். சில வீடுகளில் இன்றுவரை எங்களைக் கலியாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. அந்தப் பெண்கள் எல்லாருக்கும் ஒப்பந்தம் கிடைத்தது.

கடைசியாக ஆசுப்பத்திரியில் பார்த்தபோது மிகவும் மெலிந்திருந்தார். அந்த வாரம் அயலில் யார் பிறந்தது, யார் இறந்தது என்று விசாரித்தார். சொன்னேன். பிறகு, மனதில் கிடந்ததையும் சொன்னேன்: நான் சமையற்காரி, நோர்வேஜிய மொழியும் அரைகுறை, நீங்கள் இல்லாமல் நான் பத்திரிகை நடத்தலாமா, யார் விடுவார்கள் என்று.

ரூத் அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எரிச்சல் வந்தால் பார்க்கிற அதே பார்வை. "நான் யாரிடமாவது கேட்டேனா?" என்றார்.

இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டுப் பழகியவள் நான். இருப்பதற்குக் கேட்டேன், வேலை செய்வதற்குக் கேட்டேன், அம்மாவை இங்கே கூப்பிடக் கேட்டேன், அது கிடைக்கவில்லை. ரூத் அக்காவின் நல்லடக்கம் முடிந்து வெளியே வந்தபோது சங்கத் தலைவர் என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். இனிப் பத்திரிகை நின்றுவிடுமா, தொடர நினைத்தால் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை பேசிப் பார்க்கலாமே என்றார். நன்றி சொன்னேன். கூட்டத்துக்கு வரமாட்டேன் என்றும் சொன்னேன். ரூத் அக்காவிடமிருந்து நான் பெற்று வைத்துக்கொண்டது இதுதான்: பத்திரிகை வெளிவரும், நான் யாரிடமும் கேட்கவில்லை.