கண் கழுவத் தண்ணீர்

போன வாரம் ஆபீஸில் எல்லோரும் என்னை விட்டு இரண்டடி தள்ளியே நின்றார்கள். “மெட்ராஸ் ஐ-ங்களா?” என்று ஒருவர் கேட்டே விட்டார்.

இல்லை ஐயா... கண்ணீர்ப் புகை!

நானாவது, போராட்டமாவது! அந்தத் தைரியமெல்லாம் எனக்கு ஏது? என் வீட்டு கேட்டுக்குள் நின்று வேடிக்கை பார்த்தேன். அவ்வளவுதான்.

கருமத்தம்பட்டியைத் தாண்டி மெயின் ரோட்டு ஓரம் எங்கள் வீடு. ஆடி பிறந்து காற்று வந்ததே தவிர, மழை வரவில்லை. குழாயில் தண்ணீர் வந்து பன்னிரண்டு நாள். அன்று காலை பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். முன் வரிசையில், தறிக்குப் போகும் பக்கத்து வீட்டு ருக்மணி.

அவரைப் பார்த்ததும் நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றேன். காரணம் இருக்கிறது. முந்தின நாள் மாலை குடத்தோடு வந்து கேட்டார்: “ஏனுங்ணா, ஒரு கொடந் தண்ணி இருக்குங்களா? எம்பட பையனுக்குக் காச்சலுங்க.”

“இல்லீங்களே அம்மணி” என்றேன்.

இருந்தது. கொல்லைப்புறத்தில் சாக்குப் போட்டு மூடி இரண்டு டிரம். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்... வந்தவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் இல்லையென்றால் எப்படி?

கிழக்கே, அவிநாசிப் பக்கம் போலீஸ் வந்து நின்றது. ஏட்டையா மைக்கில் கெஞ்சினார்: “அம்மணிகளா, வழி உட்டுருங்க. பஸ்ஸெல்லாம் நிக்குதுங்க.” “தண்ணி உடச் சொல்லுங்க, நாங்க வழி உடறோமுங்க!” என்று பதில் வந்தது.

இரண்டு மணி நேரம் இதே பேச்சு. திடீரென்று எங்கிருந்தோ ஒரு கல். உடனே போலீஸார் மேற்கே, பெண்களைப் பார்த்து இரண்டு புகைக் குண்டு போட்டார்கள்.

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் ஆடிக் காற்று யாருக்குக் கட்டுப்படும்? பெண்களைக் கலங்கடித்த கையோடு புகை அப்படியே திரும்பி, போட்டவர்கள் மேலேயே போய் விழுந்தது. போகிற வழியில் எனக்கும் ஒரு பங்கு. மிளகாய்ப் பொடியைக் கண்ணில் அள்ளிப் போட்ட மாதிரி!

பன்னிரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவைக்க முடியாதவர்களுக்கு, கண்ணில் வரவைக்க இரண்டே நிமிடம் போதுமாக இருந்தது.

“தண்ணி, தண்ணி!” என்று எல்லோரும் கத்தினார்கள். காலையிலிருந்து பெண்கள் போட்ட கோஷத்தைத்தான் இப்போது போலீஸும் போட்டது. கண் கழுவ அந்தத் தெருவில் ஒரு சொம்புத் தண்ணீர் கிடையாது... என் வீட்டைத் தவிர.

தட்டுத் தடுமாறிப் போய் சாக்கை விலக்கினேன். கேட்டைத் திறந்தேன்.

முதலில் ஏட்டையா வந்தார். “காத்து மேக்கால இருந்து அடிக்குதுன்னு சொன்னனுங்க சார். வெளியூர் ஆபீசருங்க, கேக்கலீங்க” என்று முகத்தைக் கழுவிக்கொண்டார். அவருக்குப் பின்னால் போலீஸும் பெண்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். யாரும் யாரையும் தள்ளவில்லை.

ருக்மணியை ஒருவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். கண் மூடியே இருந்தது. அவர் நீட்டிய கைகளில் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். மூன்று முறை கழுவிவிட்டுக் கண்ணைத் திறந்தார். முதலில் டிரம்மைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கீழே கிடந்த ஒரு குடத்தை எடுத்து நிரப்பி, “பையனுக்குக் கொண்டுபோங்க அம்மணி” என்றேன்.

“அய்யோ, வேண்டாமுங்ணா. ஞாயித்துக்கெழமை ஒறம்பரை வர்றாங்கன்னு உங்க ஊட்டு அக்கா சொன்னாங்க. உங்களுக்குப் பத்தாதுங்க.”

கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிஜமாகவே எங்களுக்காகக் கவலைப்பட்டுச் சொன்னார்! வற்புறுத்தித்தான் இடுப்பில் ஏற்றிவிட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த விருந்தாளிகளைக் கலர் சோடா கொடுத்துச் சமாளித்தோம். அவர்கள் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. எதற்காகப் பயந்தேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

எரிச்சல் இரண்டு நாளில் போய்விடும் என்றார் டாக்டர்.

புகையால் வந்தது போய்விட்டது.