ஊதம்மா

“இழுங்க, இழுங்க, நல்லா இழுங்க. இப்ப விடுங்க. விடுங்க விடுங்க விடுங்க. இன்னும் இருக்கு. உள்ள வெச்சுப் பூட்டிக்கிட்டு யாருக்குக் குடுக்கப் போறீங்க, விடுங்க” என்று மூடிய கதவுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கத்துகிறது. வெளியே பெஞ்சில் புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பழகியவர்கள் பத்திரிகையைப் புரட்டுகிறார்கள். பக்கத்து அறை எழுத்தர் தலையை நீட்டி, “என்னம்மா, சுகப்பிரசவமா?” என்பார். “ஆமா சார், ஆம்பளைப் பிள்ளை. ரெண்டேகால் லிட்டர்” என்று உள்ளிருந்து பதில் வரும்.

அது ஆஸ்துமாவுக்குப் புதிய மருந்தைச் சோதித்துப் பார்க்கும் பிரிவு. கத்துகிற அந்த அம்மா அங்கே மூச்சை அளக்கிறவர். அறையில் ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, ஒரு கணினி, அதிலிருந்து கழுத்தை நீட்டும் ஒரு குழாய். வந்தவர் மூக்கில் கிளிப்பை மாட்டி, அட்டைக் குழலை உதட்டால் கவ்வி, இழுத்த காற்றையெல்லாம் ஒரே மூச்சில் வெளியே தள்ள வேண்டும். முதல் ஒரு நொடியில் எத்தனை லிட்டர் வந்தது என்பதுதான் முக்கியம். அரை மனதாக ஊதினால் எண் பொய்யாகிவிடும். முழு மனதாக ஊத வைக்கத்தான் இவருக்குச் சம்பளம். நோயாளிகள் வைத்த பெயர் ஊதம்மா. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் ‘ம்’ என்பார்.

வயது ஐம்பத்தைந்து. கத்தும்போது அவரும் கூடவே ஊதுவார். தோள் குனியும், கழுத்து நரம்பு புடைக்கும். மாலைக்குள் தொண்டை கட்டிவிடும். மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க வந்த அவருடைய மகள், “எங்கம்மா வாயை இங்கயே கழட்டி வெச்சுட்டுத்தான் வீட்டுக்கு வருவாங்க” என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னாள்.

காலையில் முதல் வேலை, மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் பெரிய ஊசிக்குழாய் ஒன்றால் எந்திரத்துக்குக் காற்றுக் கொடுத்துப் பார்ப்பது. மெதுவாக ஒரு தரம், வேகமாக ஒரு தரம், நடுத்தரமாக ஒரு தரம். திரை மூன்று என்று காட்டாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. “மெஷின் பொய் சொல்லாதுன்னு யாரு சொன்னா? தினம் காலைல அதை ஒரு மிரட்டு மிரட்டி வைக்கணும்.”

மனிதர்களை அவர் லிட்டரில்தான் நினைவு வைத்திருந்தார். “ஒண்ணரை வந்துட்டாரா?” என்பார். ஒண்ணரை என்பது ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்களையும் விடமாட்டார். “அதோ போறாரே சிவப்புச் சட்டை, அவருக்கு மூணு இருக்கும். சிகரெட்டை விட்டா மூணரை.” என் அக்கா ஒண்ணேகால்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை அக்காவை நான்தான் அழைத்துப் போவேன். இருபது வருட ஆஸ்துமா அவளுக்கு. மாடிப்படியில் நடுவே நின்றுவிட்டால், சுவரில் மாட்டிய அறிவிப்பைப் படிப்பதுபோலப் பாவனை செய்வாள். மருந்து என்ன செய்கிறது என்று பெரிய டாக்டர் முதல் நாள் அரைமணி நேரம் படம் போட்டு விளக்கினார். எங்களுக்குப் புரியவில்லை. ஊதம்மாவின் விளக்கம் புரிந்தது.

“நுரையீரல் பூரா குட்டிக் குட்டிப் பூட்டு இருக்கும்மா. தூசி, குளிரு எது பட்டாலும் உடம்பு ஒரு சாவியை அனுப்பும். சாவி பூட்டுல விழுந்துச்சுன்னா குழாய் வீங்கி இறுகிக்கும். இந்த மருந்து போய் அந்தப் பூட்டுத் துவாரத்துல தீக்குச்சியை ஒடிச்சு விட்டுரும். அப்புறம் சாவி வந்து என்ன பண்ணும்? சின்ன வயசுல வாத்தியார் வீட்டுப் பூட்டுல செஞ்சிருப்பீங்களே.”

“நான் செய்யல. இவன் செஞ்சான்” என்று அக்கா என்னைக் கைகாட்டினாள்.

எல்லோரும் பழைய மருந்தைத் தொடர வேண்டும். அதோடு கூட ஒரு இன்ஹேலர். பாதிப் பேருக்கு அதில் புது மருந்து, மீதிப் பேருக்கு வெறும் பொடி. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, ஊதம்மாவுக்கும் தெரியக் கூடாது. பட்டியல் முத்திரையிட்டு எங்கோ இருந்தது. ஒரு வருடம் முடிந்து அதைத் திறந்து, மருந்து பயன் தருவதாக இருந்தால் வெறும் பொடிக்காரர்களுக்கும் அதைக் கொடுப்பார்கள். அக்கா அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தாள்.

ஏழாம் மாதம் அக்காதான் அதைக் கேட்டாள். அவளுக்கு முன்னால் ஓட்டுநர் ஆறு முறை ஊதிவிட்டு வியர்த்துப்போய் வெளியே வந்திருந்தார். அக்கா மூன்றாவது ஊதலை முடித்ததும் ஊதம்மா கிளிப்பைக் கழற்றினார்.

“ஊதம்மா, எனக்கு மட்டும் ஏன் மூணோட விட்டுர்றீங்க? அவரை ஆறு தடவை வாட்டுனீங்களே.”

“மூணு சரியா வந்துருச்சுன்னா போதும்மா. அதுதான் விதி.”

“அவருக்கும் மூணு சரியாத்தான் வந்துச்சாம். இன்னும் வரும்னு நீங்கதான் விடலையாம். என் மேல நம்பிக்கை இல்லைன்னு சொல்லுங்க.”

அக்கா விளையாட்டாகத்தான் சொன்னாள். ஊதம்மா சிரிக்கவில்லை. கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை எழுத்தர் சொல்லித்தான் தெரியும். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் ஊதம்மா பழைய தாள்களை எடுத்துப் பார்த்திருக்கிறார். புது இன்ஹேலரை இழுத்ததும் வாய் கசப்பதாகச் சிலர் அவரிடம் சொல்வதுண்டு. வெறும் பொடி கசக்காது. கசப்பு என்று சொன்னவர்களிடம் மருந்து இருக்கிறது என்பதை, நினைக்காமலேயே அவர் மனம் குறித்து வைத்திருந்திருக்கிறது. அவர்களிடம் ஐந்து, ஆறு முறை என்று மல்லுக்கட்டி நல்ல எண்ணை வாங்கியிருக்கிறார். மற்றவர்களை மூன்றோடு அனுப்பியிருக்கிறார். நாற்பத்தோரு பேர், ஏழு மாதம். தாளில் அது அப்படியே இருந்தது.

தாள்களை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனார். டாக்டர் கடைசித் தாள் வரை படித்தாராம்.

“வேணும்னு செஞ்சீங்களா?”

“இல்ல சார்.”

“எல்லா ஊதலும் விதிப்படிதானே இருக்கு. எட்டு வரைக்கும் ஊதலாம்னு நாமதானே எழுதியிருக்கோம்.”

“இருக்கு சார். ஆனா மருந்து பாதி தூக்குது, நான் பாதி தூக்குறேன். எது எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியாது.”

“இதைச் சொன்னா என்னாகும்னு தெரியும்ல?”

“தெரிஞ்சுதான் சார் ஒரு வாரம் சோறு இறங்கல.”

அந்த நாற்பத்தோரு பேரின் ஏழு மாத அளவுகளும் தள்ளப்பட்டன. சோதனை ஆறு மாதம் நீண்டது. புதிய விதிகள் வந்தன. ஊதம்மா சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஓர் அட்டையில் எழுதி ஒட்டினார்கள். எல்லோருக்கும் அதே வார்த்தை, அதே எண்ணிக்கை. கதவில், ‘மருந்தின் சுவை பற்றி உள்ளே பேச வேண்டாம்’ என்று ஒரு தாள். பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. “வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் அந்த அம்மா. மறுபடி ஆறு மாசம் யாரு ஊதுறது, அவங்க மாமியாரா?” என்றார் ஓட்டுநர். எழுத்தர் இப்போதெல்லாம் தலையை நீட்டுவதில்லை.

சோதனையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்றார்கள். அக்கா ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள். “நான் கேட்ட கேள்விடா இது. நானே பாதியில எழுந்து போனா நல்லாவா இருக்கும்?” என்றாள். காலண்டரில் வட்டம் இடம் மாறியது.

ஒரு வருடம் முடிந்து, நீட்டிப்பின் முதல் இன்ஹேலரை இழுத்த அன்று அக்கா கதவில் இருந்த தாளை மறந்துவிட்டாள். உள்ளே போனதும் போகாததுமாக, “ஊதம்மா, இந்தத் தடவை எனக்கும் கசக்குது” என்றாள். முகமெல்லாம் பூரிப்பு. “வேப்பிலையை அரைச்சு வெச்ச மாதிரி. இப்பத்தான் நிஜ மருந்து வந்திருக்கு போல.”

அந்த மாதத்திலிருந்து வெறும் பொடியிலும் கசப்பைக் கலந்திருந்தார்கள். கசப்பு இனி யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. அது ஊதம்மாவுக்குத் தெரியும். நோயாளிகளிடம் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். அக்காவின் பொடி முன்பு கசக்கவில்லை என்பதும் தெரியும். அன்று நான் கதவருகே நின்றிருந்தேன். அவர் சுவரில் இருந்த அட்டையை ஒரு தரம் பார்த்தார்.

“உக்காருங்கம்மா” என்றார். கிளிப்பை மாட்டிவிட்டார். அட்டையில் இருந்த வார்த்தைகளை, அட்டையில் இருந்த வரிசையில் சொன்னார். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, ஒரு வார்த்தை குறையவும் இல்லை. அக்கா முன்னெப்போதையும் விட நன்றாக ஊதினாள். ஒன்று புள்ளி நான்கு. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். மாடிப்படியில் அன்று அவள் நிற்கவில்லை.

நீட்டிப்பின் நான்காம் மாதம் ஒரு விடியற்காலையில் அவளுக்கு இழுப்பு வந்தது. மருத்துவமனை போய்ச் சேரும்வரை தாங்கவில்லை.

போன மாதம் பட்டியலைத் திறந்தார்கள். மருந்து வேலை செய்கிறது. முதல் ஏழு மாதத் தாள்கள் காட்டியதில் ஏறக்குறைய பாதி அளவுக்கு. இருந்தாலும் வேலை செய்கிறது. ஓட்டுநர் போன்றவர்கள் தொடர்கிறார்கள், வெறும் பொடிக்காரர்களுக்கும் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அக்காவுக்குப் போனது வெறும் பொடி என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். மருந்து கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்றும் கேட்டேன். சொல்ல முடியாது என்றார் பெரிய டாக்டர். அவர் மழுப்பவில்லை, அவருக்குத் தெரியவில்லை.

மிச்சமிருந்த இன்ஹேலரையும் அக்காவின் குறிப்பேட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அறையில்தான் வாங்கிக்கொள்வார்கள். ஊதம்மா கையெழுத்திட்டு வாங்கி வைத்தார். குறிப்பேட்டைத் திறக்கவில்லை.

“உக்காருங்க தம்பி” என்று நோயாளிகளின் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். கேட்க வேண்டாம் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

“நீங்க அன்னிக்கு ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா?”

“சோதனை சொன்ன தேதியில முடிஞ்சிருக்கும். உங்க அக்காவுக்கு மருந்து போயிருக்கும்” என்றார்.

அவ்வளவுதான். ‘ஆனால்’ என்று தொடங்கும் இன்னொரு வாக்கியம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி, பத்து நிமிடம் சேர்ந்தாற்போல நிற்க மாட்டார். அவருடைய முக்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, நான் எழுந்திருக்கும்வரை எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.