திமிங்கலம் பார்த்த மாப்பிள்ளை

என் தங்கைக்கு வந்த நல்ல வரனை நான்தான் கெடுத்தேன். அப்பா இறந்த பிறகு வீட்டுக்கு மூத்தவன் நான். அருப்புக்கோட்டையில் எங்கள் புண்ணாக்குக் கடையும் என் பொறுப்பு, அவள் கல்யாணமும் என் பொறுப்பு. யாரையும் லேசில் நம்பமாட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

மாப்பிள்ளைக்குத் திருச்சுழிப் பக்கம். சரக்குக் கப்பலில் வேலை. பெண் பார்க்க வந்தவரிடம் எதையாவது பேசவேண்டுமே என்று கடலைப் பற்றிக் கேட்டேன். அதுவரை மிக்சர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஆஸ்திரேலியா பக்கம் போறப்ப திமிங்கலம் கூட்டங் கூட்டமா வருது. முன்னாடி எண்ணெய்க்காக வேட்டையாடி அழிச்சுப்புட்டாக. தடை போட்ட பெறகு பெருகிருச்சு. எங்க கப்பல்ல உள்ள பெரியவுக, அவுக வேலைக்குச் சேந்த புதுசுல ஒண்ணு கண்ணுல படுறதே அபூர்வம்னு சொல்றாக" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. திமிங்கல இனம் அழிந்துகொண்டே வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். கண்மாயே வறண்டு கிடக்கிற ஊரில் இவர்களுக்கு என்ன தெரியப்போகிறது என்று ஆள் அளந்து விடுகிறார் என முடிவு கட்டினேன். இதில் புளுகுகிறவர் சம்பளத்தில் புளுகமாட்டாரா? வழக்கப்படி அவர் ஊருக்குப் போய் நாலு பேரிடம் விசாரிக்கக்கூட இல்லை. ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டில் மட்டும், "ஆளு சரியான புளுகன்" என்றேன். ஜாதகம் நன்றாகவே சேர்ந்திருந்தது.

அதன்பிறகு வந்த வரன் எதுவும் தகையவில்லை. தங்கைக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. என்னோடு கடையைப் பார்த்துக்கொள்கிறாள்.

போன மாதம் கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வேட்டை நின்ற பிறகு சில வகைத் திமிங்கலங்கள் நன்றாகவே மீண்டு வந்திருக்கின்றன, நீலத் திமிங்கலம் போன்றவை இன்னும் தேறவில்லை என்று போட்டிருந்தது. ஆஸ்திரேலியக் கடலும் அதில் இருந்தது. அந்த மனிதர் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறார். மறைக்க மனமில்லாமல் பேப்பரைத் தங்கையிடம் நீட்டினேன்.

"அந்த மாப்பிள்ளை சொன்னது நெசந்தாம்மா" என்றேன்.

அவள் வாங்கவில்லை. "தெரியும்ணே. அவுக வந்துட்டுப் போன வாரமே பிரவுசிங் சென்டர்ல போயிப் பாத்துட்டேன்."

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"அவுகளப் புடிச்சிருக்கான்னு கூட நீங்க என்னையக் கேக்கலையேண்ணே" என்றாள்.